ஜப்பான்காரனுக்கு நான் போட்ட விளிம்பு

"வெரல வெச்சு ஒரு சுத்து ஓட்டிப் பாரு மச்சான்" என்று மாமா சொன்னபோது அந்த டிரம்முக்குத் தோல் இல்லை. மாமா என்றால் என் அக்காவின் வீட்டுக்காரர். எம்.கே.பி. நகரில் இரண்டாவது மாடியில் அவர்கள் வீடு. கூடத்தில் புத்தர் படத்துக்குக் கீழே பழைய செய்தித்தாளை விரித்து, அதன் மேல் டிரம்மை நிறுத்தியிருந்தார். முட்டிக்குக் கொஞ்சம் மேலே வரும் உயரம், சிவப்பில் ஜிகினா தூவியது போன்ற பிளாஸ்டிக் உறை, தரையில் ஊன்றி நிற்க மூன்று இரும்புக் கால்கள். ராயபுரத்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோன ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பம் வீட்டைக் காலி செய்தபோது மாமாவிடம் கொடுத்துவிட்டுப் போனது அது. அந்த செட்டில் இருந்த மற்ற டிரம்களை யார் யாரோ கொண்டுபோய்விட்டார்களாம். இது ஒன்றுதான் மிச்சம். மீன்பாடி வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்ததால் இரண்டு நாள் வீடு முழுக்கக் கவிச்சி வாடை. அக்கா ஊதுவத்தி கொளுத்திக் கொளுத்திச் சலித்துப்போனாள். உள்பக்கம் ஒட்டியிருந்த சின்னச் சீட்டில் ஜப்பானில் செய்தது என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது. மீதி எழுத்துகளைக் கரப்பான் தின்றிருந்தது. அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் அதற்குப் பெயர் ஜப்பான்காரன்.

டிரம்மைப் பற்றித் தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். தோல் என்று நாங்கள் சொல்வது இப்போதெல்லாம் பிளாஸ்டிக்தான். அது மரத்தைத் தொடுவது ஒரே ஒரு இடத்தில், அந்த வட்டத்தின் மேல் விளிம்பில். அடி விழுந்ததும் அதிர்வு அந்த விளிம்பு வழியாகத்தான் மரத்துக்குள் இறங்க வேண்டும். ஜப்பான்காரனின் விளிம்பு பழைய பித்தளை டம்ளரின் வாய் போல உருண்டு மழுங்கியிருந்தது. ஓரிடத்தில் மேடு, ஓரிடத்தில் பள்ளம். உள்ளே பலத்துக்காக ஒட்டியிருந்த மர வளையத்தின் இரண்டு முனைகளும் ஒன்றையொன்று தொடவே இல்லை. நடுவில் என் நகம் போய் வந்தது. மதியச் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் முடித்துத் தள்ளிவிட வேண்டும் என்று யாரோ உப்புத்தாளால் அவசர அவசரமாகத் தேய்த்த வேலை. "இன்னா மாமா இது, டீத்தூள் பொட்டி மரம் மாரி கீது. இதுக்கா ஜப்பான்னு பேரு?" என்றேன். அவருக்கு அது குறையாகவே படவில்லை. "கோணலாத்தான் கீறான். அதனாலதான் நம்ம வூட்ல வந்து குந்திகினான்" என்று சொல்லிச் சிரித்தார்.

எனக்கு அதைப் பார்க்கவே பொறுக்கவில்லை. தொழில் அப்படி. எண்ணூரில் ஒரு வார்ப்பட ஆலையின் பேட்டர்ன் ஷாப்பில் முப்பத்தாறு வருஷம் இருந்து ஓய்வுபெற்றவன் நான். இரும்பை உருக்கி ஊற்றுவதற்கு மண்ணில் ஒரு பள்ளம் வேண்டும். அந்தப் பள்ளம் சரியாக விழ மரத்தில் ஒரு மாதிரி வேண்டும். அந்த மர மாதிரியைச் செய்வது என் வேலை. நான் மரத்தில் மயிரிழை தவறினால் அந்தத் தவறு ஆயிரம் இரும்புத் துண்டுகளில் வந்து நிற்கும். அதனால் சரியாக இருப்பது ஒன்றுதான் அழகு என்று எனக்குள் ஊறிப்போய்விட்டது. யார் வீட்டுக்குப் போனாலும் கதவு சரியாகச் சாத்துகிறதா, மேசை ஆடுகிறதா என்றுதான் கண் போகும். காபி வருவதற்குள் மேசைக்காலுக்கு அட்டை மடித்து வைத்துவிடுவேன். "இவன் கைல எதுவும் குடுக்காதீங்க, சரி பண்ணிடுவான்" என்று அக்கா சொந்தக்காரர்களிடம் கேலி செய்வாள். நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டு இத்தனை காலம் ஓட்டிவிட்டேன்.

இரும்பு வேலையில் மட்டும் அந்த ஜப்பான்காரர்கள் யாரையும் ஏமாற்றவில்லை. தோலை இழுத்துப் பிடிக்கும் வளையம், அதை இறுக்கும் திருகாணிகள், ஆணி போய் இறங்கும் கூடுகள், எல்லாவற்றுக்கும் குரோம் பூச்சு. ராயபுரத்து உப்புக்காற்றில் நம்முடைய ஜன்னல் கம்பிகள் மூன்று மழைக்குத் தாங்காது. இதில் அத்தனை வருஷம் கழித்தும் முகம் பார்த்துத் தலை வாரலாம். திருகாணி ஒவ்வொன்றும் சத்தமில்லாமல், தடையில்லாமல் இறங்கியது. ஒரே டிரம்முக்குள் இரண்டு விதமான ஆட்கள்: இரும்பு செய்தவன் சாமி கும்பிட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறான், மரம் செய்தவன் பஸ்ஸைப் பிடிக்க ஓடியிருக்கிறான். இதை மாமாவிடம் சொன்னேன். அவர் கச்சேரிக்குப் போகிற இடத்தில் எல்லாம் இதைத் தன் சரக்கு போலச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

கச்சேரி அவருக்கு ஞாயிற்றுக்கிழமைகளிலும் திருவிழா நாட்களிலும்தான். பிழைப்பு துறைமுகத்தில். பழுதுபார்க்க வரும் கப்பல்களில் துரு தட்டும் வேலை. கப்பலின் அடிவயிற்றில் இருக்கும் தொட்டிகளுக்குள் இறங்கி, கூர் வைத்த சின்னச் சுத்தியலால் இரும்புச் சுவரைத் தட்டித் தட்டித் துருவை உதிர்க்க வேண்டும். நாலு பேர் உள்ளே நின்று தட்டினால் மேலே தளத்தில் நிற்கிறவனுக்குப் பல் கூசும். உள்ளே இருக்கிறவன் கதி என்ன என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. காதில் பஞ்சு வைத்துக்கொள்வார்கள். வியர்வையில் நனைந்து அது கீழே விழுந்துவிடும், மறுபடி எடுத்து வைக்கக் கை ஒழியாது. "பகல்ல தட்றது வயித்துக்கு, சாய்ங்காலம் தட்றது எனக்கு" என்பார். காலடிப்பேட்டையில் என் வீட்டுப் பக்கம் ஆடி மாதக் கூழ் ஊற்றும்போது கச்சேரி என்றால் அவருடைய குழுதான். பெரிய வித்வான் என்று சொல்லமாட்டேன். ஆனால் தாளம் தவற மாட்டார். குழுவுக்குச் சொந்தமாக ஒரு டிரம் செட் இருந்தது. அதில் தரையில் நிற்கும் டிரம்மை மட்டும் ஓரமாக ஒதுக்கிவிட்டு ஜப்பான்காரனை அந்த இடத்தில் வைப்பார். பாட்டின் முக்கியமான இடத்தில் அதில் ஒரு அடி, தொம் என்று. நெஞ்சுக்கூட்டில் வந்து விழும். வாசிக்கும்போது வலது முட்டி எப்போதும் அதன் உடம்பை ஒட்டியே இருக்கும். அது அவருடைய ஸ்டைல் என்று நினைத்திருந்தோம்.

அவரைச் சுற்றி வீட்டில் எப்போதும் ஒரு சிரிப்பு இருந்தது. குக்கரில் மூன்று விசில் வந்ததும் அடுப்பை அணைத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு அக்கா கடைக்குப் போவாள். திரும்பி வரும்போது சோறு களியாகியிருக்கும். குக்கருக்கு எதிரிலேயே அவர் உட்கார்ந்திருப்பார். "எட்டு விசிலு வுட்டுகினு இன்னாத்த எண்ணிகினு இர்ந்த நீ?" என்று அவள் கத்துவாள். அவர் ஏதோ கச்சேரி நினைப்பில் இருந்துவிட்டதாகச் சொல்வார். யாராவது நகைச்சுவை சொன்னால் எல்லோரும் சிரித்து முடித்த பிறகு சிரிப்பார். டிவி வைத்தால் சத்தம் தாங்காமல் கீழ்மாடிக்காரர்கள் சண்டைக்கு மேலே வந்துவிடுவார்கள். சத்தமாகப் பேசுவது துறைமுகத்து ஆட்களின் சுபாவம் என்று விட்டுவிட்டோம். எங்களுக்குச் சந்தேகம் வராததற்கு ஒரு காரணமும் உண்டு. துறைமுகத்தில் கப்பல் ஊதினால் எங்கள் எல்லோருக்கும் முன்னால் அவர்தான் சொல்வார், "பெரிய கப்பலு ஒண்ணு கெளம்புது" என்று. காது கேட்காதவர் அதைச் சொல்வாரா?

அக்காவுக்கு ஒரே பெண். அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானது கொரோனா வருவதற்கு முந்தைய வருஷம். மண்டபம், சாப்பாடு, அழைப்பு என்று வீடே அல்லாடிக்கொண்டிருந்தபோது மாமா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "ரிசப்ஷன்ல நம்ம குரூப்புதான் வாசிக்கணும். எம் பொண்ணு மேடைல நிக்க சொல்ல நான் அடிக்கணும். வேற எனுக்கு இன்னா வேணும்?" நான் பெண்ணுக்குத் தாய்மாமன். சீர் செய்ய வேண்டியவன். பட்டுப்புடவை, பழத்தட்டு, வெற்றிலை பாக்கு என்று எல்லாத் தாய்மாமன்களும் செய்வதை நானும் செய்யத்தான் போகிறேன். ஆனால் கையில் தொழில் வைத்திருக்கிறவனுக்கு அது போதாது என்று ஒரு திமிர். என் கையால் ஒரு சீர் செய்ய வேண்டும். பெண்ணின் அப்பா அன்று மேடையில் அடிக்கப்போகும் டிரம் கோணல் விளிம்போடு நிற்கலாமா? மாமா பத்திரிகை வைக்க அவருடைய அண்ணனோடு பழவேற்காட்டுப் பக்கம் நாலு நாள் போயிருந்தார். அந்த நேரம் பார்த்து வண்டியோடு போய் நின்றேன்.

அக்கா தயங்கினாள். "அவரக் கேட்டுட்டு எட்த்துகினு போயேன்டா. அதும் மேல அவருக்கு உசுரு" என்றாள். உயிராக இருப்பதால்தான் சரி செய்கிறேன் என்றேன். அவள் டிரம்மின் ஒரு காலைப் பிடித்துக்கொண்டே நின்றாள். நான் டிரம்மைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு படி இறங்கிவிட்டேன்.

சனிக்கிழமை மதியம், ஃபோர்மேனிடம் சொல்லிவிட்டு, பேட்டர்ன் ஷாப்பில் அதைப் பிரித்தேன். எங்களிடம் சர்ஃபேஸ் பிளேட் என்று ஒரு இரும்பு மேசை உண்டு. மேடு பள்ளமே இல்லாத தளம். ஒரு பொருள் சமமாக இருக்கிறதா என்று அதன் மேல் வைத்துத்தான் பார்ப்போம். ஜப்பான்காரனைக் கவிழ்த்து வைத்து உள்ளே டார்ச் அடித்தேன். ஐந்து இடத்தில் வெளிச்சம் ஒழுகியது. ஓரிடத்தில் தீக்குச்சி நுழைந்தது. மேசை மேல் நீல மை தடவி டிரம்மை வைத்துத் தேய்த்தால் மேடான இடங்களில் மட்டும் மை ஒட்டும். அந்த மேட்டை அறுத்து, மறுபடி வைத்து, மறுபடி அறுத்து, விளிம்பு முழுக்க ஒரே நீல வட்டமாக விழும்வரை விடவில்லை. வளையத்தின் இடைவெளிக்குத் தேக்கில் ஒரு சில்லு செதுக்கி ஒட்டினேன். பிறகு மழுங்கலை எல்லாம் சீவி நாற்பத்தைந்து டிகிரிச் சரிவாக, மேலே கத்தி முனை போலக் கூர் நிற்கும்படி வெட்டினேன். இந்த அளவெல்லாம் போனில் வெளிநாட்டுக்காரர்கள் செய்யும் வீடியோக்களைப் பார்த்துக் கற்றது. அதில் ஒரு கிழவர், பழைய டிரம்களை எல்லாம் இப்படி அறுக்காதீர்கள் என்பது போல ஏதோ சொன்னார். மரவேலை தெரியாத ஆள் என்று அடுத்த வீடியோவுக்குத் தள்ளிவிட்டேன். செம்பழுப்பாக ஒரு குவியல் மரத்தூள் சேர்ந்தது. வாயால் ஊதித் தள்ளினேன்.

புதுத் தோல் பூட்டி ஒரு தட்டுத் தட்டியதும் ஷாப்பே திரும்பிப் பார்த்தது. டங் என்று கிளம்பி, உடனே அடங்காமல், நீளமாக இழுத்துக்கொண்டு போனது. "இன்னாபா, மணி மாரி கீது" என்றார் ஃபோர்மேன். என் வாழ்க்கையில் எவ்வளவோ மாதிரிகள் செய்திருக்கிறேன், எல்லாம் மண்ணுக்குள் அமுங்கிப்போனவை. பத்துப் பேர் கேட்கும்படி நான் செய்த முதல் பொருள் இதுதான் என்று தோன்றியது. அன்று மாலை வீட்டுக்கு வந்து மனைவியிடம் அதையே மூன்று தடவை சொன்னேன். மாமா கேட்டபோது மேடையில் வந்து பாருங்கள் என்று சொல்லிவிட்டு, ரிசப்ஷன் அன்று நேராக மண்டபத்துக்கே கொண்டுபோனேன்.

ரிசப்ஷன் அன்று வியாசர்பாடியில் மண்டபம் நிறைந்திருந்தது. மேடையில் மாப்பிள்ளையும் பெண்ணும் நிற்க, பக்கவாட்டில் குழுவினர் உட்கார்ந்தார்கள். மாமா பட்டுச் சட்டையில் வந்து அமர்ந்து, சிவப்பு டிரம்மை மூடியிருந்த துணியை எடுத்து, புதுத் தோலைப் பார்த்துவிட்டு என்னைத் தேடினார். நான் முன்வரிசையில் சிரித்துக்கொண்டு நின்றேன். அவர் ஒரு அடி அடித்தார். கணீரென்று மண்டபம் முழுக்கக் கேட்டது. கீபோர்டு வாசிப்பவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். மாமா டிரம்மைப் பார்த்தார். இன்னொரு அடி, முன்னதைவிட ஓங்கி. பிறகு குச்சியைத் தொடையில் வைத்துவிட்டு உள்ளங்கையை அதன் உடம்பில் வைத்தார், காய்ச்சல் பார்ப்பது போல. என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிச் சிரித்தார். நல்ல சிரிப்பு. நான் அதை அப்படியே நம்பினேன்.

இரண்டாவது பாட்டில் அவர் அடி ஒரு கணம் பிந்தி விழுந்தது. பாடுகிற பெண் திரும்பிப் பார்த்தாள். அவர் அவளுடைய தோளையும் கீபோர்டுக்காரரின் காலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே வாசித்தார். மூன்றாவது, கல்யாணப் பெண்ணுக்குப் பிடித்த பாட்டு. அதில் பாதியில் தாளம் சிதறியது. குழுத் தலைவர் கண்ணைக் காட்ட, எலக்ட்ரானிக் பேட் வைத்திருந்தவர் தாளத்தை எடுத்துக்கொண்டார். மாமா எழுந்து, மைக்குக்குக் குனிந்து, "பொண்ணப் பெத்தவன் எத்தினி நேரம் இங்கியே குந்திகினு இர்க்கறது, பந்தியப் பாக்கணும்" என்றார். எல்லோரும் சிரித்துக் கைதட்டினார்கள். அவர் பந்திக்குப் போய் இலை இலையாக நின்று கவனித்தார். பெண்ணும் மாப்பிள்ளையும் மேடையில் இருந்தவரை திரும்பி வந்து டிரம்முக்குப் பின்னால் உட்காரவில்லை. எல்லோரும் போன பிறகு என் தோளில் கைபோட்டு, "சோக்காப் பண்ணிக்கீற மச்சான். புச்சு மாரி கீது" என்றார்.

அதற்குப் பிறகு அவர் எந்தக் கச்சேரிக்கும் போகவில்லை. கை வலி என்றார், தோள்பட்டை இறங்கிப்போச்சு என்றார். துறைமுக வேலையையும் விட்டார். ஜப்பான்காரனுக்கு ஒரு பழைய போர்வையைப் போர்த்தி உள் அறையில் வைத்திருந்தார். எனக்கு மனசு விட்டுப்போனது. நான் அத்தனை பாடுபட்டுச் செய்துகொடுத்ததை அவர் ஒருநாள்கூட உருப்படியாக வாசிக்கவில்லையே என்று. "நன்றி கெட்ட மனுஷன்" என்று மனைவியிடம் சொன்னேன். சொன்னேன் என்பதை இங்கே எழுதித்தான் ஆக வேண்டும். மாதம் இரண்டு தடவை அக்கா வீட்டுக்குப் போகிறவன், பண்டிகைக்கு மட்டும் போகிறவனானேன். போனாலும் அவரோடு அதிகம் பேச்சில்லை. நான் பேசுவதும் அவருக்குப் பாதிதான் போய்ச் சேர்ந்தது. என் மேல் கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

போன மார்கழியில் ஒரு காலை நேரம் மாமா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆட்டோ ஆஸ்பத்திரி வாசலை அடைவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. காரியம் முடிந்ததும் மகள் தன் வீட்டுக்கு, மாதவரத்துக்கு, அக்காவைக் கூட்டிக்கொண்டு போனாள். எம்.கே.பி. நகர் வீட்டைக் காலி செய்த அன்று அக்கா போர்வையோடு டிரம்மை என்னிடம் தள்ளினாள். "நீ செஞ்சது. நீயே வெச்சிக்க" என்றாள். குரலில் ஒன்றும் இல்லை. காலடிப்பேட்டைக்குக் கொண்டுவந்து ஜன்னல் ஓரமாக நிறுத்தினேன்.

இரண்டு நாள் கழித்துப் போர்வையை எடுத்து ஒரு தட்டுத் தட்டினேன். தொம். அவ்வளவுதான். கீழே விழுந்தது போல ஒரு சத்தம். இழுப்பு இல்லை, கணீர் இல்லை. நான் வெட்டிய விளிம்பிலிருந்து இப்படி ஒரு சத்தம் வர வழியே இல்லை. மழைக்காலத்து ஈரம் ஏறி மரம் ஊதியிருக்க வேண்டும், அல்லது உள்ளே ஏதோ விழுந்து கிடக்கிறது என்று ஸ்பானரை எடுத்தேன். திருகாணிகளைக் கழற்றி, தோலைத் தூக்கினால், என் நாற்பத்தைந்து டிகிரி விளிம்பைக் காணோம். சுற்றிலும் பழைய பனியன் துணியைக் கிழித்து, பட்டை பட்டையாக ஒட்டியிருந்தது. மைதாவைக் காய்ச்சிய பசை, சுவரொட்டிக்குப் பூசுவார்களே, அது. எவன் பார்த்த வேலை இது என்று வாய்விட்டே திட்டினேன். ஈரத்துணியால் ஊறவைத்து ஒரு முனையிலிருந்து உரிக்க ஆரம்பித்தேன். நன்றாகக் கழன்று வந்தது. ஒரு சாண் நீளம் உரித்திருப்பேன். துணிக்கு அடியில் சைக்கிள் ட்யூபின் கறுப்புத் தடம். அதற்கும் அடியில் செய்தித்தாள் துணுக்கு. துணியும் எல்லா இடத்திலும் ஒரே கனம் இல்லை. சில இடத்தில் இரண்டு பட்டை, சில இடத்தில் மூன்று, மேலே கரண்டிக் காம்பால் தேய்த்தது போல வழுவழுப்பாக உருட்டியிருந்தது. கை நின்றுவிட்டது. என் தொழிலில் நான் தினமும் செய்ததுதான் இது. ஒன்றைப் பொருத்திப் பார்ப்பது, ஒத்துவராவிட்டால் எடுத்துவிட்டு வேறொன்றைப் பொருத்திப் பார்ப்பது. யாரோ உட்கார்ந்து, பல நாள், என் கூரான விளிம்பை மறுபடி மழுங்க வைக்கப் பார்த்திருக்கிறார்.

மாதவரத்துக்கு பஸ் ஏறினேன். பேத்தியைத் தூங்கவைத்துவிட்டு அக்கா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். துணி ஒட்டியிருந்ததைச் சொன்னதும் அவள் ஆச்சரியப்படவில்லை.

"அவருக்குக் காது போயி பத்து வர்சத்துக்கு மேல ஆச்சிடா" என்றாள். "சன்னமா வர்ற சத்தம் எதுவும் கேக்காது. வெசிலு, போனு, பொண்ணு பேசறது. வாயப் பாத்துப் பாத்துதான் பதிலு சொல்வாரு. தெர்ஞ்சா கச்சேரில குந்த வுட மாட்டாங்கன்னு என் தலைல அட்ச்சி சத்தியம் வாங்கிகினாரு, உன்னாண்டகூட சொல்லக் கூடாதுன்னு. அந்த ஜப்பான்காரன் சத்தம் மட்டும் முட்டி வழியா ஏறி வந்து உள்ள வுழுதுன்னுவாரு. அத வெச்சித்தான் மீதிப் பாட்டப் புடிப்பாரு."

சுத்தியல் சத்தத்தில் போகும் காது மெல்லிய சத்தங்களை முதலில் இழக்கும், கனத்த சத்தத்தைக் கடைசிவரை பிடித்துவைத்திருக்கும் என்று பிறகு ஒரு டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். உருண்ட, மழுங்கிய விளிம்பில் தோல் அகலமாகப் படிந்து உட்காரும். கீச்சு அடங்கிக் கனம் மட்டும் மேலே வரும். கூரான விளிம்பு கனத்தைக் குறைத்துவிட்டுக் கணீரை மேலே ஏற்றும். அந்த ஜப்பான் தொழிலாளி அவசரத்தில் மழுக்கிவிட்டுப் போன விளிம்பில்தான் மாமாவுக்குக் கேட்கிற கடைசிச் சத்தம் இருந்தது. அதைச் சீவி எடுத்துத் தூளாக்கி ஊதினேன். அவருடைய மகளின் மேடையில், ஊர் கூடிப் பாராட்டிய ஒரு சத்தத்தைக் கொண்டுவந்து வைத்தேன். அந்த மண்டபத்தில் அதைக் கேட்க முடியாத ஒரே ஆள் அதை வாசித்தவர்.

"கல்யாணத்துக்கு மறுநாளு காலைல டீய கைல வெச்சிகினு சொன்னாரு" என்றாள் அக்கா. "'மச்சான் நல்லாத்தான் பண்ணிக்கீறான். எனுக்குத்தான் கேக்கல'ன்னு. டீ ஆறிப்போச்சி, குடிக்கவே இல்ல."

என்னிடம் சொல்லியிருக்கலாமே, சொல்லியிருந்தால் நானே மழுக்கிக் கொடுத்திருப்பேனே என்றேன். கேட்கும்போதே என் குரல் எனக்குப் பிடிக்கவில்லை.

"நானும் சொல்லுன்னுதான் சொன்னேன். 'தாய்மாமன் சீரா ஆசையா செஞ்சி எட்த்துகினு வந்தான், அதப் போயி கெட்டுப்போச்சின்னு எப்டி சொல்றது'ன்னாரு. மரத்துல உப்புத்தாளுகூட வெக்க மாட்டேன்னுட்டாரு. 'அவன் போட்ட வேல அப்டியே இர்க்கட்டும். மேல எதுனா ஒட்டிப் பாக்கறேன். அவன் வந்து கேட்டான்னா தண்ணி போட்டுத் தொட்ச்சிடலாம்'ன்னு. மைதா காய்ச்சிக் குடுத்ததே நான்தான்."

எத்தனை நாள் இப்படி ஒட்டினார் என்று கேட்டேன். நாளா, வருஷக்கணக்காக என்றாள். ஒட்டிக் காயவைத்து, தோலைப் பூட்டி, முட்டியைச் சேர்த்து வைத்து அடித்துப் பார்ப்பாராம். பிறகு தலையை ஆட்டிவிட்டு மறுபடி பிரிப்பாராம். கடைசியில் கேட்டதா அக்கா என்றேன். அதைக் கேட்கத்தான் நான் பஸ் ஏறினேன் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அவள் குழந்தையின் மேல் போர்வையை இழுத்துவிட்டாள். "போன தீபாளிக்கு முன்ன ஒரு நாளு. நான் அடுப்பாண்ட நிக்கறேன். உள்ளேர்ந்து எழுந்து வந்தாரு. 'கேக்குது'ன்னாரு. அந்த ஒரு வார்த்ததான். மூஞ்சப் பாக்கணும் நீ. அப்பால 'மச்சானுக்கு போன் போடு, வரச் சொல்லு, அட்ச்சிக் காட்டணும்'ன்னாரு. நான் போட்டேன்டா. நீதான் வேல கீது, பொறவு பாக்கலாம்னுட்ட."

அந்த போன் எனக்கு நினைவிருக்கிறது. ஓய்வுபெற்ற மனிதனுக்கு அன்று இருந்த வேலை, பக்கத்து வீட்டுக் கதவுக்குக் கீல் மாற்றுவது. அவர்களே கேட்கவில்லை, கதவு கிறீச்சிடுகிறது என்று நானாகப் போய்ச் சொல்லி எடுத்துக்கொண்ட வேலை. மாமா கூப்பிடுகிறார் என்றதும் இத்தனை நாள் கழித்து இப்போதென்ன என்று ஒரு வீம்பும் சேர்ந்துகொண்டது. தீபாவளிக்குப் போனபோது வீடு நிறைய ஆட்கள். அவர் உள் அறையைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாக இருந்தார். நான் பலகாரம் தின்றுவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டேன்.

இப்போது ஜப்பான்காரன் என் ஜன்னல் ஓரத்தில் தோலில்லாமல் நிற்கிறது. விளிம்பில் ஒரு சாண் அளவுக்கு மட்டும் நான் வெட்டிய மரம் தெரிகிறது, கூராக, குற்றம் சொல்ல முடியாத வேலையாக. மீதி முழுக்க அவருடைய பனியன் துணி. உரித்த துண்டுகளைக் காகிதத்தில் மடித்து வைத்திருக்கிறேன். மைதா காய்ச்ச எனக்கும் தெரியும். ஆனால் எந்தத் துண்டு எதன் மேல் இருந்தது, எங்கே இரண்டு, எங்கே மூன்று என்று பார்க்காமல் உரித்தவன் நான். ஒட்டினாலும் சரியா தப்பா என்று சொல்ல அந்தக் காது இல்லை. வருஷக்கணக்காகத் தேடி அவர் கண்டுபிடித்த அந்தச் சத்தத்தை அவருக்குப் பிறகு கேட்ட ஒரே ஆள் நான். ஒரு தட்டு, ஒரே ஒரு தடவை. கெட்டுப்போயிருக்கிறது என்று நினைத்துத்தான் திருகாணியைக் கழற்றினேன்.